பூ ஜெல்லிக்கு எதை வாங்குவது? பெக்டின், சைனா கிராஸ், ஜெலட்டின்: கடைச் சரக்கின் நிறை குறை

வேலியில் படரும் சங்குப்பூ, முற்றத்துச் செம்பருத்தி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரம்பூ என்று குமரி மாவட்டத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஜெல்லி சொதப்பினால் எல்லோரும் முதலில் பூவைத்தான் குறை சொல்வார்கள். கொய்யா, விளாம்பழம் போன்றவற்றில் ஜெல்லியைக் கட்டவைக்கும் பெக்டின் தானாகவே இருக்கிறது. பூ இதழில் அது இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம், புளிப்பும் கிடையாது. பூ தருவது நிறமும் கொஞ்சம் மணமும் மட்டும். கட்டியாக நிற்கும் வேலை முழுவதும் கடையில் வாங்கும் பொட்டலத்தின் தலையில்தான் விழுகிறது. அதனால் இந்த விமர்சனம் பூவைவிடப் பொட்டலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

கோட்டாறு, வடசேரி, மார்த்தாண்டம் பக்கத்து மளிகைக் கடைகள், கேக் சாமான் விற்கும் கடைகள், ஆன்லைன் என எங்கே போனாலும் நாலே வகைதான்: பெக்டின் பவுடர், சைனா கிராஸ் என்கிற கடல்பாசி, ஜெலட்டின், ரெடிமேட் ஜெல்லி கிறிஸ்டல். கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. மூட்டையில் வாங்கிச் சின்னப் பொட்டலமாகப் போட்டு விற்பவர்களின் சரக்கு லாட்டுக்கு லாட் மாறும். லேபிளில் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் ஏமாற வேண்டியதில்லை.

அவசரக்காரர்களுக்குத் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடலாம். பாட்டிலில் அடைத்து வைத்துப் பிரெட்டிலோ தோசையிலோ தடவிச் சாப்பிட வேண்டுமென்றால் எச்.எம். பெக்டின், 150 கிரேடு, ஸ்லோ செட் (விளக்கம் கீழே). தட்டில் ஊற்றி அன்றைக்கே துண்டு போட வேண்டுமென்றால் சைனா கிராஸ் பவுடர். ஜெலட்டின் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. ஜெல்லி கிறிஸ்டலை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

பெக்டின் பவுடர்: 5க்கு 4, அந்த ஒரு மார்க் லேபிளுக்காகக் குறைத்தது

சரக்கு நல்லதுதான், லேபிள்தான் மோசம். 50 கிராம், 100 கிராம் பொட்டலங்களில் பாதிக்கு மேல் ‘பெக்டின் பவுடர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எச்.எம். (ஹை மெத்தாக்ஸில்) வகையா எல்.எம். (லோ மெத்தாக்ஸில்) வகையா என்று சொல்லாமல் பெக்டின் விற்பது, அரிசியா கோதுமையா என்று சொல்லாமல் மாவு விற்பது போலத்தான். ஐ.என்.எஸ். 440 என்ற உணவுச் சேர்மான எண்ணைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. இரண்டுக்கும் அதே எண்தான்.

வித்தியாசம் இதுதான். எச்.எம். பெக்டின் உறைய மொத்த எடையில் 60 முதல் 65 சதவீதம் சர்க்கரையும், பி.எச். அளவு ஏறக்குறைய 2.8 முதல் 3.5 வரைக்குள் புளிப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கடைசிவரை பாகாகவே நிற்கும். எல்.எம். பெக்டினுக்குச் சர்க்கரை கட்டாயமில்லை, கால்சியம் வேண்டும். அதனால்தான் சில பொட்டலங்களில் கூடவே ஒரு சின்னக் கால்சியம் பாக்கெட் இருக்கும். எல்.எம். பொட்டலத்தை வாங்கிவிட்டு எச்.எம். அளவில் சர்க்கரை கொட்டிச் செய்வதுதான் இந்த ஜெல்லியில் நடக்கும் தலையாய சொதப்பல்.

லேபிளில் எதுவும் இல்லாவிட்டால் பால் பரிசோதனை செய்து பாருங்கள். 2 கிராம் பவுடரை ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு கலந்து 100 மில்லி வெந்நீரில் கட்டியில்லாமல் கரைக்கவும். சூடாக இருக்கும்போதே 100 மில்லி சூடான பாலை ஊற்றிக் கலக்கி ஆறவிடவும். ஆறியதும் புட்டிங் மாதிரி கட்டினால் எல்.எம்.; பாலின் கால்சியமே அதற்குப் போதும். கட்டாமல் தண்ணியாகவோ திரிதிரியாகவோ நின்றால் எச்.எம். என்று எடுத்துக்கொள்ளலாம். 2 கிராம் பவுடர் செலவழித்து அரைக் கிலோ சர்க்கரையைக் காப்பாற்றும் வழி இது.

கிரேடு 150 என்றால் 1 கிராம் பெக்டின் 150 கிராம் சர்க்கரையைக் கட்டிப்பிடிக்கும் என்று பொருள். கணக்குப்படி 500 கிராம் சர்க்கரைக்கு 3.3 கிராம் போதும். பூச்சாற்றில் சொந்தப் பெக்டின் இல்லாததாலும், வீட்டு அடுப்பில் கொதி கூடிக் குறைவதாலும் 5 கிராம் போடுவது நல்லது. ‘ஜாம் செட்டிங் மிக்ஸ்’ என்ற பெயரில் வருவது வேறு சரக்கு. அதில் சேர்மானப் பட்டியலின் முதல் வரியில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும்; எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். அதற்கு இந்த 5 கிராம் கணக்குப் பொருந்தாது, பொட்டலத்தின் பின்னால் எழுதியிருக்கும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

ரேப்பிட் செட், ஸ்லோ செட் என்ற இன்னொரு பிரிவும் உண்டு. ரேப்பிட் செட் 75–85 டிகிரியிலேயே கட்டத் தொடங்கும், பழத்துண்டுகள் மிதக்கும் ஜாமுக்கு அது சரி. பூ ஜெல்லிக்குக் கண்ணாடித் தெளிவு வேண்டும். நுரைக்குமிழி மேலே ஏறி உடையும்வரை பொறுக்கிற ஸ்லோ செட்தான் பொருத்தம். ரேப்பிட் செட் போட்டால் பாட்டிலுக்குள் குமிழிகள் அப்படியே சிறைபட்டு நிற்கும். சுவை கெடாது, பார்வைதான் கெடும்.

எடைக்கு எடை பார்த்தால் பெக்டினுக்கு விலை கூடுதல்தான். ஆனால் 100 கிராம் பொட்டலம் 20 ஈடு வரும் என்பதால் பாட்டில் கணக்கில் பார்த்தால் பெரிதாகக் கடிக்காது.

செய்முறை: சங்குப்பூ, எச்.எம். பெக்டின்

பச்சைக் காம்பு மூடியை நீக்கிய புதுச் சங்குப்பூ 50, அல்லது காய்ந்த பூ 5 கிராம். தண்ணீர் 450 மில்லி. சர்க்கரை 500 கிராம். பெக்டின் 5 கிராம். எலுமிச்சைச் சாறு 30 மில்லி, அல்லது சிட்ரிக் ஆசிட் 2 கிராம். சங்குப்பூவுக்கு நிறம்தான் சொத்து. தனியாக ஊறவைத்தால் பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீரின் வாடைதான் அடிக்கும். அதனால் இஞ்சிப்புல் இரண்டு தாள் தட்டிப்போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கட்டைவிரல் நீளம் இஞ்சி.

பறித்த பூவை வெள்ளைத் துணியில் கால்மணி நேரம் பரப்பினால் சின்னப் பூச்சிகள் தானாக வெளியேறும். தண்ணீரை இஞ்சிப்புல்லோடு கொதிக்கவிட்டு இறக்கி, பூவைப் போட்டு 15 நிமிடம் மூடி வைக்கவும். மல் துணியை இரண்டாக மடித்து வடிகட்டவும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கலங்கல் வரும், அது கடைசிவரை தெளியாது. 400 மில்லி கிடைக்கும், குறைந்தால் தண்ணீர் விட்டுச் சரிசெய்யலாம். கடலோர ஊர்களின் உப்புப் போர் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள். நிறம் மாறும், எல்.எம். பெக்டினாக இருந்தால் அந்தத் தண்ணீரின் கால்சியமே திட்டுத்திட்டாகக் கட்டவைக்கும்.

இனிமேல்தான் கவனம். 5 கிராம் பெக்டினை 50 கிராம் சர்க்கரையோடு உலர்வாகவே நன்றாகக் கலக்கவும். பூச்சாறு கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் விஸ்கால் கிண்டிக்கொண்டே இந்தக் கலவையைத் தூவவும். பெக்டினை மட்டும் தனியாகப் போட்டால் மேல் தோல் நனைந்து உள்ளே பவுடராகவே நிற்கும் மீன்முட்டைக் கட்டிகள் உருவாகும், எத்தனை நேரம் கிண்டினாலும் கரையாது. தூவி முடித்ததும் தளதளவென்று 2 நிமிடம் கொதிக்க வேண்டும். அதன் பிறகுதான் மீதி 450 கிராம் சர்க்கரையை மூன்று பங்காகச் சேர்க்க வேண்டும். சர்க்கரை முந்திக்கொண்டால் தண்ணீர் முழுவதையும் அது இழுத்துக்கொள்ளும், பெக்டின் கரைய வழியிருக்காது.

தீயைக் கூட்டி, கொதி தணியாமல், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சர்க்கரையை நனைத்த பிரஷ்ஷால் வழித்துவிட்டுக்கொண்டே வற்றவிடவும். கலவை 105 டிகிரிக்கு வந்ததும் எலுமிச்சைச் சாற்றை ஊற்றி ஒரு கிளறு கிளறி அடுப்பை அணைக்கவும். அந்த நொடியில் நீல மை நிறத்தில் இருந்த பாகு, கரண்டி தொட்ட இடத்திலிருந்து வளையம் வளையமாக நாவல்பழச் சிவப்புக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். சாற்றை முதலிலேயே ஊற்றக் கூடாது. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் பெக்டின் உடையும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குப் போகும் முன்பே பாத்திரத்தில் கட்டத் தொடங்கும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு அதைவிட நம்பகமான வழி தராசு. வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாத்திர எடை போக உள்ளே 770 கிராம் இருக்கும்போது சர்க்கரை 65 சதவீதம் என்று கணக்கு சரியாக நிற்கும். அடுப்பிலிருந்து இறக்கித் தராசில் வைத்துப் பார்த்து, கூடுதலாக இருந்தால் திரும்ப ஏற்றலாம். எலுமிச்சைச் சாற்றுக்காக 740 கிராமில் இறக்கிவிட்டுச் சாறு சேர்த்தால் சரியாக வரும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளிச் சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. ஸ்லோ செட் பெக்டினுக்கு அது நிதானமாகத்தான் பதில் சொல்லும், அதை நம்பிக் கூடுதலாக வற்றவிட்டுவிடக் கூடாது.

நுரையை அள்ளிவிட்டு, சூடு 85 டிகிரிக்குக் குறையும் முன்பே பாட்டிலில் ஊற்றி மூடவும். 200 மில்லி பாட்டில் மூன்று ஏறக்குறைய நிறையும். மறுநாள்வரை அசைக்காதீர்கள். கட்டுகிறதா என்று மணிக்கொரு தரம் சாய்த்துப் பார்க்கும் கைதான் பல பாட்டில்களைக் கெடுத்திருக்கிறது. பாதி பின்னிய வலை ஒருமுறை அறுந்தால் மறுபடி அதே உறுதியோடு சேராது, இடுக்கில் தண்ணீர் கசியும்.

விருந்தாளி வருகிறார்கள் என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள். பெரிய பாத்திரம் வற்ற இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், அதற்குள் பெக்டினும் நிறமும் கெடும். இரண்டு ஈடாகச் செய்வதே சரி.

கட்டவில்லை என்றால்

முதலில் எடையைப் பாருங்கள். 770 கிராமுக்கு மேல் இருந்தால் வற்றியது போதவில்லை, திரும்பக் கொதிக்கவைத்தால் முடிந்தது. எடை சரியாக இருந்தும் பாகாக நின்றால் நாக்கில் வைத்துப் பாருங்கள். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் புளிப்புக் குறைவு, இன்னும் 10 மில்லி சாறு வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் சந்தேகம் பெக்டின் மேல்: எல்.எம். வகையாக இருக்கலாம், பழசாக இருக்கலாம், அதிகம் கொதித்து உடைந்திருக்கலாம். எச்.எம். என்று உறுதியானால் 2 கிராமை 20 கிராம் சர்க்கரையில் கலந்து, கால் கப் வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒருமுறை கொதிக்கவைக்கலாம். இரண்டாவது முறையும் கட்டாவிட்டால் அதோடு விட்டுவிட்டு பாட்டிலில் ‘சங்குப்பூ சிரப்’ என்று எழுதி ஒட்டுங்கள். சோடாவில் கலந்தால் அருமையாக இருக்கும்.

ஜெல்லி கட்டி, ஆனால் மேலே தண்ணீர் நின்றால் புளிப்பு அதிகம். பாட்டிலின் அடியில் கற்கண்டு போலப் படிகம் தெரிந்தால் வற்றியது அதிகம், அல்லது ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை உள்ளே விழுந்திருக்கிறது.

கருப்பட்டியும் தேனும்

‘வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், நம்ம ஊர் கருப்பட்டி போடலாமா’ என்ற கேள்வி எப்படியும் வரும். போடலாம், ஆனால் காரணம் தெரிந்து போட வேண்டும். அக்கானி (பதநீர்) புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பின் மிச்சமும் கருப்பட்டியின் தாது உப்புகளும் புளிப்பைத் தின்றுவிடும். அதே 30 மில்லி சாறு ஊற்றினால் எச்.எம். பெக்டின் கட்டாது; எல்.எம். ஆக இருந்தால் சுண்ணாம்பின் கால்சியத்தில் மணல்மணலாகக் கட்டும். தவிர, நிறம் போய்விடும், மணத்திலும் கருப்பட்டிதான் ஜெயிக்கும். கருப்பட்டியை ஆவாரம்பூவோடு சைனா கிராஸில் போடுங்கள், அந்தக் கூட்டணி நன்றாக இருக்கும்.

மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேன். சீக்கிரம் உறைந்து குருணையாகிற தேன் அது. சர்க்கரையில் 50 கிராமை மட்டும் குறைத்து, அந்த அளவு தேனைக் கடைசியில் சேர்த்தால் நல்லது. முழுவதும் தேன் என்றால் பூ இருந்த சுவடே தெரியாது.

சைனா கிராஸ்: 5க்கு 4.5, அன்றைக்கே தீர்த்துவிடுவதாக இருந்தால்

மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று எடுக்கப்படும் பாசிகளிலிருந்து வருவதுதான் சைனா கிராஸ், அதாவது அகர். லேபிளில் ஐ.என்.எஸ். 406. நோன்பு மாதத்தில் இடலாக்குடி, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடைகளில் கடல்பாசி நன்றாக ஓடும். சரக்கு தேங்காமல் புதிதாக வரும் காலம் அது. வாங்கிவைக்க அதுவே நேரம்.

திரியாகவும் வரும், பவுடராகவும் வரும். திரி பார்க்க அழகு, ஆனால் அளவு பிடிபடாது. 500 மில்லிக்கு 8 முதல் 10 கிராம்வரை இழுக்கும். பவுடர் 5 கிராம் போதும், கத்தியால் வெட்டினால் முனை மழுங்காமல் நிற்கும். ஸ்பூனில் அள்ளும் பதம் வேண்டுமென்றால் 3.5 கிராம். திரி மஞ்சளடித்து, கடல் வாடை தூக்கலாக இருந்தால் ஈரம் பட்ட பழைய சரக்கு, வாங்காதீர்கள். ‘சைனா கிராஸ் மிக்ஸ்’ என்று போட்டிருந்தால் உள்ளே சர்க்கரையும் எசென்ஸும் இருக்கும். சேர்மானம் என்ற இடத்தில் அகர் என்ற ஒரே சொல் இருக்க வேண்டும்.

இதில் பெரிய ஆதாயம் நிறம். எச்.எம். பெக்டினுக்குப் புளிப்பு கட்டாயம், அதனால் சங்குப்பூவின் நீலம் அந்த ஜெல்லியில் நிற்கவே நிற்காது, ஊதாவோ சிவப்போதான். அகருக்குப் புளிப்பே வேண்டாம். அசல் நீலம் வேண்டுமென்றால் சைனா கிராஸ்தான் வசதி.

200 மில்லி தண்ணீரில் பவுடரைத் தூவி 5 நிமிடம் ஊறவைத்து, கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்டு, முழுவதும் கரைய 3 நிமிடம் கொடுக்கவும். திரியாக இருந்தால் கத்தரித்து அரைமணி நேரம் ஊறவைத்து, 8–10 நிமிடம் கொதிக்க வேண்டும். கரண்டியின் பின்பக்கம் ஒரு மணிகூட ஒட்டக் கூடாது. அகர் கரைய 85 டிகிரிக்கு மேல் வேண்டும், ‘சூடான தண்ணீர்’ போதாது. 75 கிராம் சர்க்கரை சேர்த்துக் கரைத்து இறக்கி, தனியாக வெதுவெதுப்பாக வைத்திருக்கும் 300 மில்லி பூச்சாற்றில் ஊற்றவும். பூச்சாறு ஆறிப்போயிருந்தால் ஊற்றின இடத்திலேயே நூல்நூலாகக் கட்டிவிடும். எலுமிச்சை வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகுதான். புளிப்போடு கொதித்தால் அகரும் வலுவிழக்கும்.

32 முதல் 40 டிகிரிக்குள் கட்டிவிடுவதால் சித்திரை வெயிலிலும் ஃபிரிஜ் இல்லாமலே உறையும். கட்டிய பிறகு மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தலில் மதியம் பரிமாறினாலும் தட்டில் ஓடாது. தேங்காய்ப்பாலில் ஒரு அடுக்கு, மேலே நீல அடுக்கு என்று போடுவதானால், கீழ் அடுக்கு தொட்டால் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேல் அடுக்கை 50–55 டிகிரியில் ஊற்ற வேண்டும். கீழே முழுவதும் கட்டிவிட்டால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியாக வழுக்கும்.

குறை என்னவென்றால் மறுநாளே தண்ணீர் விடும். இரண்டு நாளுக்கு மேல் ஃபிரிஜ்ஜில்கூட வைக்க வேண்டாம். பல்லில் படும் பதமும் பெக்டினுடையது போல வழவழப்பாக இருக்காது, சட்டென்று உடையும்.

ஜெலட்டின், கிறிஸ்டல்

ஜெலட்டின் வாயில் கரையும் சுகத்துக்குப் பேர் போனது. கரைவதற்குக் காரணம் அது 35 டிகிரிக்குள்ளேயே உருகுவது. 500 மில்லிக்கு 10 கிராம் போட்டு ஃபிரிஜ்ஜில் கட்டவைத்து எடுத்தால் நாகர்கோவில் ஏப்ரல் மாதத்தில் மேஜையிலேயே பாயசமாகிவிடும். பச்சை இஞ்சி, பப்பாளி, அன்னாசி சேர்த்தால் அவற்றின் நொதிகள் புரதத்தை அரித்துவிடும், கட்டவே கட்டாது. மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து வருவது என்பதால் பொட்டலத்தில் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் இருக்கும். விருந்தில் யார் உட்காரப்போகிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். 5க்கு 2.

ஜெல்லி கிறிஸ்டலில் நிறம், எசென்ஸ், சர்க்கரை எல்லாம் கம்பெனியே போட்டுவிட்டது. அதில் சங்குப்பூவை ஊற்றுவது ஸ்ட்ராபெர்ரி எசென்ஸுக்கு நீலச் சாயம் அடிக்கும் வேலை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இங்கே ஆலையும் இருக்கிறது, பூவும் இருக்கிறது, கிறிஸ்டல் எதற்கு?

எந்தப் பூ எதற்கு

செம்பருத்தியில் ஒற்றை அடுக்கு நாட்டுச் சிவப்பு மட்டும் எடுங்கள். மகரந்தத் தண்டையும் பச்சை மூடியையும் கிள்ளிவிட்டு 25 பூவின் இதழ்களை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் போதும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வழுவழுப்பு இறங்கி, ஜெல்லி சளி போலக் கலங்கும். சாறு முதலில் மங்கலாகத்தான் தெரியும், எலுமிச்சை பட்டதும் சிவப்பு எழும். பெக்டினுக்கு மிகப் பொருத்தமான பூ இது.

ஆவாரம்பூவுக்கு இதழ் மட்டும், தளர்வாக இரண்டு கப். வெந்நீரில் 5 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் துவர்ப்பும் கசப்பும் வரும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த பூவில் காம்பும் மொட்டும் கலந்திருக்கும், பொறுக்கி எடுத்தால்தான் உதவும்.

தெற்றிப்பூ (இட்லிப்பூ) மென்சிவப்பு தரும், லேசான துவர்ப்பு. தனியாகப் போட்டால் சுமார்தான், செம்பருத்தியோடு சேர்த்தால் நன்று. புளிச்சைப்பூ எனப்படும் ரோசெல்லின் சிவந்த புல்லிவட்டத்தில் புளிப்பும் ஓரளவு பெக்டினும் தானாகவே இருக்கிறது. 250 கிராம் புல்லிவட்டத்தை 500 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து வடித்தால், எலுமிச்சை இல்லாமல் 2–3 கிராம் பெக்டினிலேயே கட்டும். முதன்முதலாக இறங்குபவர்கள் இதில் தொடங்கினால் கை நம்பிக்கை வரும்.

பூவின் நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டுவிடக் கூடாத சில உண்டு. அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, செங்காந்தள், நித்தியகல்யாணி, உன்னிப்பூ எதுவும் அடுப்படிக்குள் வரக் கூடாது. அரளியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. பக்கத்துக் கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்திவிட்டது. தோவாளைச் சந்தைப் பூ மாலைக்கு விளைந்தது, மருந்து அடித்திருக்கும், தின்பண்டத்துக்கு எடுக்காதீர்கள். ரப்பர் தோட்டத்து ஓரமும் வாழைத்தோட்டத்து வரப்பும் அதே கதைதான். காப்புக்காட்டில் பறிக்க அனுமதி கிடையாது. கடைசியில் மிஞ்சுவது சொந்த வேலியும் தெரிந்தவர் முற்றமும். மழை பெய்த மறுநாள் பறித்தால் மணம் கழுவிப்போயிருக்கும், ஒரு நாள் வெயில் காயவிட்டுக் காலையில் பறியுங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் செம்பருத்தி, ஆவாரம்பூ விஷயத்தில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

கூட வாங்க வேண்டியவை

சமையல் தராசு 1 கிராம் வரைதான் காட்டும். 5 கிராம் பெக்டினில் 1 கிராம் பிசகு பெரிய பிசகு. 0.1 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் சர்ச்சையே இல்லை. அதுவரை தலைதட்டிய டீஸ்பூன் ஏறக்குறைய 3 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் முதலில் விட்டுப் பாருங்கள். நாகர்கோவிலில் 100 காட்ட வேண்டும். 98 காட்டினால் அதன் பிசகு 2 டிகிரி, 103 காட்டும்போதே இறக்கிவிடலாம். மேல்கோதையார் போன்ற உயரமான இடத்தில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும். எங்கே செய்தாலும் கொதிநீர் காட்டும் எண்ணோடு 5 கூட்டினால் அதுதான் ஜெல்லிப் பதம்.

பாட்டிலைக் கண்ணாடியில் வாங்குங்கள், மூடி புதிதாக இருக்கட்டும். ஊறுகாய் பாட்டில் மூடியின் ரப்பரில் ஏறிய பூண்டு வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது, முதலில் அதை உறிஞ்சிக்கொள்வது ஜெல்லிதான். பாட்டிலை 10 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே கால் அங்குலம் இடம்விட்டு நிரப்பி, மூடியோடு இன்னொரு 10 நிமிடம் கொதிநீரில் வைத்தால் வெளியிலேயே மாதக்கணக்கில் நிற்கும். இருட்டான அலமாரியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் சங்குப்பூ, செம்பருத்தி இரண்டின் நிறமும் பழுப்பாகும். திறந்த பிறகு ஃபிரிஜ்தான். சர்க்கரை குறைத்து எல்.எம். பெக்டினில் செய்ததைத் தொடக்கம் முதலே ஃபிரிஜ்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பெக்டினை 100 கிராமுக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் பவுடர் ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும். பிரித்த பொட்டலத்தை அப்படியே மடித்து ரப்பர் பேண்ட் போடாமல், இறுக்க மூடும் கண்ணாடிக் குப்பியில் மாற்றி, மேலே எச்.எம். 150 ஸ்லோ என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். பக்கத்திலேயே சைனா கிராஸ் பவுடர் குப்பியும் இருக்கும், இரண்டும் பார்க்க ஒரே வெளிர் நிறம்தான்.